இதயம் இன்னும் இறங்கவில்லை

அஜந்தா காலையில் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டால், மத்தியானத்துக்குள் வார்சோவில் ஏறி, பால்டிக் கடலுக்கு மேலே புயலில் அடிபட்டு, ஏதோ ஒரு ஓடுபாதையில் இறங்கி, பின்னேரம் வீட்டுக்கு வந்து புட்டு அவிப்பாள். இவ்வளவுக்கும் அதே லண்டனில் வேலையிடம் இருக்கிற பெல்தமைத் தாண்டி ஒரு அடி போயிருக்கமாட்டாள். அவளுடைய விமானம், ஆறு இரும்புக் கால்களில் நிற்கிற ஒரு வெள்ளைப் பெட்டி. சிமுலேட்டர். உள்ளே அச்சொட்டாக விமானி அறை. ஜன்னலுக்கு வெளியே தெரிகிற வானமும் மழையும் திரையில் ஓடுகிற படம். விமானிகள் முன்னுக்கு இருந்து ஓட்டுவார்கள். அஜந்தா பின்னுக்கு இருந்து எஞ்சினை நிறுத்துவாள், பனியைக் கொட்டுவாள், பட்டப்பகலை இரவாக்குவாள். கடவுள் வேலைதான், ஆனால் வாசலில் பாஸ் கார்ட் காட்டித்தான் உள்ளே போகவேணும்.

ஒரு காலத்தில் அவளும் மெய்யான விமானம் ஓட்டினவள். ஒரு கண்ணின் ஓரம் மங்கத் தொடங்கியது. டொக்டர் ஒருவர் கதிரையை விட்டு எழும்பாமலே, இனி நீங்கள் பறக்கமுடியாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில் காருக்குள் இருந்து அவள் அழுத அழுகை அவளுக்கும் அந்த ஸ்டியரிங்குக்கும்தான் தெரியும். செத்தாலும் அந்த மனிசனைப்போல் ஆகமாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தவள் தேடிப்பிடித்து வந்த வேலையைப் பாருங்கள்! விமானிகளைச் சோதித்து, ஆசனத்தில் இருக்கலாமா இறங்கவேண்டுமா என்று சொல்லுகிற வேலை.

அந்தக் கோடையில் போலந்து விமானப்படையின் போக்குவரத்து ஸ்குவாட்ரன் ஒன்று பழைய விமானங்களைக் கைகழுவிவிட்டுப் புதியவற்றுக்கு மாறிக்கொண்டிருந்தது. விமானிகள் சோடி சோடியாக லண்டன் வந்து பழகிவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்த சோடி மேஜர் லெஷெக்கும் லெப்டினன்ட் காஷாவும். லெஷெக்குக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பெரிய மீசை, சின்னச் சிரிப்பு. நோயாளிக்கு மாற்றவென்று எடுத்த இதயத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, நள்ளிரவில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகிற வேலையை வருஷக்கணக்காகச் செய்தவர். காஷா அவர் ஸ்குவாட்ரனுக்குள் கையைப் பிடித்துக் கூட்டிவந்த பெண். பெட்டியின் கதவுக்குப் போகிற தூக்குப் பாலத்தால் உள்ளே ஏறும்போது அவருக்கு எப்போதும் ஒரு அடி பின்னால்தான் வருவாள்.

லெஷெக் ஓட்டினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு பூப்போல ஓட்டுவார். ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கினார். இருட்டில், முகிலுக்குள், விமானம் திடீரென்று ஒரு பக்கம் சரியும்போது, அவருடைய கை அதை இன்னும் அதே பக்கம் சரித்தது. ஒரு தரம் என்றால் தற்செயல். மூன்றாம் தரம் அஜந்தா அவரை கன்டீனில் இருத்தி நோண்டி நோண்டிக் கேட்டதில்தான் விஷயம் வந்தது. விமானம் எந்தப் பக்கம் சரிகிறது என்று காட்ட ஒரு கருவி இருக்கிறது. புதிய விமானத்தில் கருவியிலுள்ள குட்டி விமானம் அசையாது, அடிவானக் கோடு சரியும். லெஷெக் இளவயதில் பழகிய ரஷ்யக் கருவியில் கோடு அசையாது, குட்டி விமானம் சரியும். விமானம் வலப்பக்கம் சரிந்தால் புதியதில் கோடு இடப்பக்கம் சாயும், பழைய கண்ணுக்கு அது விமானமே இடப்பக்கம் சாய்ந்ததுபோல் தெரியும். நிதானமாக இருக்கும்போது அவருடைய மூளை புதியதை வாசித்தது. நெஞ்சு திடுக்கிட்டால் கை பழையதை வாசித்தது. லண்டனிலிருந்து பாரிசுக்குச் சாமத்தியவீட்டுக்குக் கார் ஓடிப்போகிற எங்கள் சனம் நாள் முழுக்க அந்த நாட்டு வலப்பக்கத்தில் ஒழுங்காக ஓடிவிட்டு, ஒரு லொறி ஹோர்ன் அடித்ததும் இடப்பக்கம் வெட்டுகிறதே, அதே கதைதான்.

முதல் சோதனையில் அவர் பெயில். இரண்டாவது இன்றைக்கு. இதிலும் விட்டால் ஆசனம் போச்சு. மேசைக்குப் பின்னால் இருத்திவிடுவார்கள். பழையதுக்குத் திரும்பவும் வழியில்லை, அவற்றை எல்லாம் இறக்கை கழற்றி மூடிவிட்டார்கள்.

காலையில் பெட்டியடிக்கு வந்த அஜந்தாவுக்குக் கீழே பம்பின் சத்தம் பிடிக்கவில்லை. அந்த இரும்புக் கால்களுக்குள் எண்ணெயைத் தள்ளுகிற பம்ப் அது. விட்டுவிட்டு இருமினது. பெட்டியைப் பராமரிக்கிற யோகலிங்கம் அண்ணையிடம் சொன்னாள்.

"பிள்ளை, உது ஒண்டுமில்லை. உவள் காலமையிலை இப்பிடித்தான் முனகுவாள். நீர் ஏறும்."

வயதில் மூத்த மனிசன். இந்த வேலை இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிவிட்டவரும் அவர்தான். மேலே என்னத்தைக் கதைக்கிறது? சரி அண்ணை என்று ஏறினாள். பாலம் எழும்பி மூடியது.

அன்றைய சோதனைப் பறப்பை அவளே வகுத்திருந்தாள்: இரவு, முகில், பின்னால் ஐஸ் பெட்டியில் ஒரு இதயம், வார்சோவில் மேசையில் ஒரு நோயாளி. வெளியே பெல்தமில் வெயில் கொளுத்தியது. உள்ளே லெஷெக் இருட்டுக்குள் வழுக்கிக்கொண்டு ஏறினார். கொஞ்ச நேரம்தான். கீழே ஏதோ முறிந்ததுபோல் ஒரு அடி. பெட்டி இடப்பக்கம் சரிந்து, சரிந்தபடியே நின்றது. திரை கறுத்தது. காற்றாடி நின்றது. கூரையில் சின்னதாக ஒரு அவசர விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது.

இன்டர்கொம்மில் யோகலிங்கம் அண்ணையின் குரல் வந்தது. பம்ப் போய்விட்டதாம். பெட்டி உச்சியில் கோணலாக நிற்பதால் பாலம் பொருந்தாதாம், கயிற்று ஏணியும் ஆபத்தாம். வால்வைக் கையால் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க ஏலும், பொறுமையாக இருக்கட்டாம். நல்ல கதை! காற்றாடியும் இல்லாமல் பொறுமை எங்கிருந்து வரும்?

அஜந்தா கதவடிக்குப் போய்த் தள்ளிப் பார்த்தாள். அசையாது என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் தள்ளினாள். முதுகு வேர்த்து ஒட்டியது. மூன்று பேருடைய மூச்சும் அந்தச் சின்ன அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இத்தனை வருஷமாக இந்தப் பெட்டிக்குள் அவள் அடைபட்டுத்தான் கிடக்கிறாள், இன்றைக்குத்தான் கதவு அதைச் சொல்லியது. வாய்விட்டுக் கத்தவேண்டும்போல் இருந்தது. பயந்து போனாள், அதுதான் உண்மை.

லெஷெக் ஆசனத்திலிருந்து இறங்கிச் சரிந்த தரையில் அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார், தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். பிறகு தன்பாட்டில் இதயப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நிறம் நீலமாம், மீன் பிடிக்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற பெட்டி மாதிரித்தானாம். சக்கரம் நின்றதும் வேறு யாரையும் தொடவிடமாட்டாராம். தானே பின்னால் போய் எடுத்து, டொக்டர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விடுவாராம். அஜந்தாவின் நெஞ்சு மெல்ல மெல்ல அடங்கியது.

அடங்கியதும் அவளுக்கு விசர் வந்தது. எல்லாம் காஷா மேலே பாய்ந்தது. ஒவ்வொரு தரமும் மேஜரின் கை பிழையாகப் போகிறது, பக்கத்து ஆசனத்தில் இருக்கிற உனக்குத் தெரியவில்லையா, வாயைத் திறந்து சொன்னால் என்ன, சட்டமே சொல்லச் சொல்லுகிறதே என்று கேட்டாள். காஷா தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுக்குப் பதிலாக லெஷெக் சொன்னார்.

"அவளுக்குத் தெரியும். என் கைக்கு முன்னமே தெரியும். ஆனால் அவள் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கினால் என் கதை முடிந்தது. அதனால்தான் வாய் திறக்கிறாள் இல்லை."

அந்தப் பெண்ணின் கன்னத்தால் கண்ணீர் வழிந்தது. ஓடி ஒளிய அங்கே இடமும் இல்லை. அஜந்தாவுக்கு இன்னும் நாலு வார்த்தை சொல்ல வாய் உன்னியது. அதற்குள் காலையில் பம்ப் இருமின இருமல் காதுக்குள் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. நானும் இன்றைக்குக் காலையில் பம்ப் சரியில்லை என்று தெரிந்துகொண்டே, மூத்தவரை எதிர்த்துக் கதைக்காமல் வாயை மூடிக்கொண்டுதான் ஏறினேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டாள்.

லெஷெக் மீசைக்குள் சிரித்தார். "அப்போ நாங்கள் மூன்று பேரும் மரியாதையால்தான் இங்கே அடைபட்டுக் கிடக்கிறோம்."

பெட்டி ஒரு மாதிரி முனகி முனகிக் கீழே வந்தது. பாலம் பொருந்தியது. வெளியே நின்ற யோகலிங்கம் அண்ணைக்கு முகத்தில் ஈயாடவில்லை. பம்பைத் துடைத்து, ஒரு வளையத்தை மாற்றி, இனிப் பயமில்லைப் பிள்ளை என்று தொடங்கினார். அஜந்தா அவரை முடிக்கவிடவில்லை.

"இல்லை அண்ணை. முழுப் பம்பையும் மாத்துங்கோ. மாத்தாமல் நான் ஏறமாட்டன்."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார், பிறகு மறுபேச்சில்லாமல் ஸ்டோருக்குப் போனார். இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. காஷா பாலத்தடியில் நின்று, தமிழ் ஒரு சொல்லும் விளங்காமல், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்னொரு நாளைக்கு வைப்போமா, இன்றைக்கு நடந்ததுக்கு யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று அஜந்தா லெஷெக்கிடம் கேட்டுப் பார்த்தாள். அவருக்காகக் கேட்டதுபோல் கேட்டாள், உள்ளுக்குள் தனக்காகத்தான் கேட்டாள். அவர் மாட்டேன் என்றார். பின்னேரம் புதுப் பம்போடு மூவரும் திரும்ப ஏறினார்கள்.

அதே இரவு, அதே முகில், அதே இதயம். லெஷெக் அருமையாக ஓட்டினார். அஜந்தாவின் விரல் விமானத்தைத் திடீரென்று சரிக்கிற பொத்தானுக்கு மேலேயே நின்றது. அழுத்தாமல் விட்டால் என்ன? உலகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? இந்த மனிசன் அடைபட்டுக் கிடந்த நேரம் முழுக்கத் தண்ணீர் கொடுத்து, கதை சொல்லி, என்னைப் பைத்தியமாகாமல் காப்பாற்றினவர். பிறகு அந்த நீலப் பெட்டியை நினைத்தாள். மேசையில் நெஞ்சைத் திறந்துகொண்டு கிடக்கிற யாரோ ஒருவரை நினைத்தாள். அழுத்தினாள்.

விமானம் வலப்பக்கம் புரண்டது. அடிவானக் கோடு சரிந்தது. லெஷெக்கின் கை ஒரு கணம் நின்றது, அந்தக் கணத்தில் அஜந்தா தனக்குத் தெரிந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டாள். கை வலப்பக்கம் போனது. எச்சரிக்கை மணி அலறியது. உயரம் கொட்டுண்டது.

"கட்டுப்பாடு என்னிடம்."

காஷாவின் குரல். சத்தமாகக்கூட இல்லை. அவள் கை இடப்பக்கம் இழுத்தது.

லெஷெக் சுடுபட்டவர்போல் இரண்டு கையையும் எடுத்தார். பிறகு, சட்டப்படி சொல்லவேண்டிய பதிலைத் தெளிவாகச் சொன்னார்.

"உன்னிடம்."

விமானம் நிமிர்ந்தது. அஜந்தா படத்தை அப்படியே நிறுத்தினாள். பின்னால் தன் கதிரையிலிருந்தே அவள் அதைச் சொல்லியிருக்கலாம். எழும்பி முன்னுக்குப் போய், அவருடைய ஆசனத்துக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"மேஜர், என்னால் உங்களைப் பாஸ் பண்ண முடியாது."

"தெரியும்." அவர் காஷாவின் தோளில் ஒரு தரம் தட்டினார். அவள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அஜந்தா திரும்பும்போது அவர் கேட்டார்: "ஏன் நிறுத்தினீர்கள்? இதயம் இன்னும் இறங்கவில்லை."

பெல்ட்டைக் கழற்றி எழும்பி, காஷாவைத் தன்னுடைய இடப்பக்க ஆசனத்துக்கு, கப்டனின் ஆசனத்துக்கு, வரச் சொன்னார். அவள் வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். போலிஷ் மொழியில் ஏதோ மெதுவாகச் சொன்னார். இது கட்டளை என்று சொல்லியிருப்பார்போலும், வந்து இருந்தாள். அவர் வலப்பக்கத்தில் இருந்துகொண்டார். சோதனை முடிந்துவிட்டது, பெட்டியை மூடவேண்டியதுதான் ஒழுங்கு. அஜந்தா ஒழுங்கைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாள்.

முகில் கலைந்து வார்சோவின் விளக்குகள் கீழே வந்தன. காஷா மூக்கை உறிஞ்சி உறிஞ்சி ஓட்டினாள். லெஷெக் உயரத்தை வாசித்துக்கொண்டு வந்தார், நூறு, ஐம்பது, முப்பது, குரலில் ஒரு பிசகு இல்லை. சக்கரம் தொட்டது. ஓடி, மெதுவாகி, நின்றது.

நின்றதும், இத்தனை வருஷப் பழக்கத்தில், பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டியை எடுக்க எழும்பிப் பின்னால் திரும்பினார். இரண்டு கையும் நீட்டியபடி நின்றார். அங்கே நீலப் பெட்டி இல்லை. அஜந்தாதான் இருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் எழும்பி நின்றாள். கீழே யோகலிங்கம் அண்ணை பாலத்தை இறக்குகிற சத்தம் கேட்டது.