அர்ச்சாக் கிளை

தாலாய் அந்தக் கிளையைப் பக்குவப்படுத்திய விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. மலைப்பாதையில் லாரியை நிறுத்தி, அர்ச்சா என்னும் மணமுள்ள ஊசியிலை மரத்தடியில் காய்ந்து விழுந்த கிளையாகப் பார்த்து எடுத்துவந்தான். பட்டையை உரித்து, வெந்நீர் ஊற்றி இரும்புத் தூரிகையால் தேய்த்தான். சோப்பைக் கிட்டவே சேர்க்கவில்லை. விருந்துக்கு ஆட்டிறைச்சி வேகவைக்கும் கொப்பரையில் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டான். அப்புறம் ஓவனில் குறைந்த சூட்டில் வைத்து, தீப்பிடித்துவிடக் கூடாதே என்று பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தான். வீடெங்கும் அர்ச்சா மணம் கமழ்ந்தது. மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லாம் மனைவி நூர்ஸாத் தன் பாம்பு வளர்ப்புக்காக வைத்திருந்த நோட்டில் எழுதியிருந்தபடிதான். எந்த மரம் ஆகும், எந்த மரம் ஆகாது என்ற பக்கத்தை மட்டும் அவன் புரட்டவில்லை. எதற்குப் புரட்ட வேண்டும்? பிள்ளை பிறந்தால் அர்ச்சாப் புகை, புதுவீடு புகுந்தால் அர்ச்சாப் புகை. அதைவிட நல்ல மரம் பிஷ்கெக் நகரில் யாருக்குத் தெரியும்?

பாம்பின் பெயர் ஜிபெக். ஆரஞ்சு நிறம், விஷம் கிடையாது. மூன்று வருஷமாகத் தாலாய் அதைத் தொட்டதில்லை. "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்பது அவன் வழக்கமான பாட்டு. போன வாரம் அதைப் பாடியபோது நூர்ஸாத் சண்டைக்கு வரவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் அழுதாள். அதற்குப் பரிகாரம்தான் இந்தக் கிளை. அவள் விடிகாலையில் ரொட்டித் தொழிற்சாலைக்குப் போனதும் இத்தனையும் செய்து முடித்து, இடுக்கியால் பிடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தான். ஜிபெக் உடனே வந்து கிளையில் சுற்றிக்கொண்டது.

"அழகாத்தான் இருக்க," என்று வாய்விட்டுச் சொன்னான்.

பகல் இரண்டு மணிக்குப் பார்த்தபோது பாம்பு தலையை மேலே தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மூக்கோரம் நுரைக்குமிழ். பழைய கதவு திறப்பதுபோல ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. கண்ணு பட்டுவிட்டது! வேறு யார் கண்? பிறந்ததிலிருந்து ஒரு பாம்பையும் புகழாத அவன் கண்தான். ஓடிப்போய் வாணலியில் காய்ந்த அர்ச்சா இலையைக் கொளுத்தி, பெட்டியைத் திறந்துவைத்து, மூன்று தரம் சுற்றிக் காட்டினான். மூன்றாம் சுற்றில் பாம்பின் தலை கிளையிலிருந்து தொங்கிவிட்டது.

நூர்ஸாத்தின் போன் வேலை முடியும்வரை தொழிற்சாலைப் பெட்டகத்தில் பூட்டியிருக்கும். நோட்டின் பின் அட்டையில் கால்நடை டாக்டரின் எண் இருந்தது. லித்யா செர்கேயெவ்னா.

"டாக்டரம்மா, பாம்பு வாயைப் பொளந்துக்கிட்டு இழுக்குது. நூர்ஸாத்தோட பாம்பு."

"நீங்க யாரு?"

"வீட்டுக்காரன்."

"ஓஹோ, அந்த வீட்டுக்காரரா! பெட்டியில புதுசா என்ன வச்சீங்க?"

"ஒரு கட்டை. ஆனா கழுவி, வேகவச்சு, ஓவன்ல காயவச்சு..."

"என்ன மரம்?"

"அர்ச்சா."

"பிசின் மரம் பாம்புக்கு ஆகாதுய்யா. வேகவச்சா பூச்சி சாகும், எண்ணெய் எங்க போகும்? பெட்டியில இருக்கிற விளக்கோட சூடு பட்டா இன்னும் கக்கும். மொதல்ல பாம்பை வெளியே எடுங்க."

"அப்புறம்... கண்ணு பட்டிருச்சுன்னு கொஞ்சம் புகையும் போட்டேன்."

"அர்ச்சாப் புகையா?"

"ஆமா."

"ஏய்யா, கொல்லணும்னு முடிவு பண்ணித்தான் செய்யறீங்களா?"

ஊரில் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். நூர்ஸாத்தும் கேட்பாள். பாம்பு செத்தால் அவன் எந்தச் சத்தியம் செய்தாலும் எடுபடாது.

"நான் டோக்மோக்ல இருக்கேன். இந்தப் பனி ரோட்டுல வந்து சேர மூணு மணி நேரம் ஆகும்," என்றாள் டாக்டர். "நல்ல காத்து வேணும், குளிரவும் கூடாது. உடம்போட சேத்து வச்சுக்கணும்."

"யாரு உடம்போட?"

"அங்க வேற யாரு இருக்கா?"

வெளியே மைனஸ் பதினெட்டு டிகிரி உறைகுளிர். ஜன்னலைத் திறந்தால் குளிரில் சாகும், மூடினால் புகையில் சாகும். மாடிப்படியில்தான் புகை இல்லை. அவன் சட்டையெல்லாம் அர்ச்சா நாற்றம். கழற்றி எறிந்தான். கையையும் மார்பையும் கழுவினான். புகை எட்டாத பால்கனி அலமாரியில் தொங்கிய நூர்ஸாத்தின் பழைய குளிர்கோட்டுக்குள் தோளைத் திணித்தான். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டான். வழவழப்பாக இருக்கும் என்றுதான் இத்தனை நாள் பயந்திருந்தான். உலர்ந்து, லேசாக இருந்தது. அந்த லேசுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

நாலாம் மாடிப் படியில் உட்கார்ந்தான். வெறும் மார்பில் பாம்பு, மேலே பொத்தான் எட்டாத பெண்பிள்ளைக் கோட்டு. ஒவ்வொரு மூச்சையும் எண்ணினான். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டால் அவன் மூச்சும் நின்றது. "விடு ஜிபெக், இன்னொண்ணு விடு," என்று கெஞ்சினான்.

நாலரைக்கு நூர்ஸாத் படியேறி வந்தாள். அவனைப் பார்த்ததும் கையிலிருந்த ரொட்டிப் பையைக் கீழே போட்டாள். கிளை, விளக்கு, புகை என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தான்.

"மூணு வருஷமா இது போகணும்னுதானே சொல்லிட்டிருந்த," என்றாள்.

"போகணும்னுதான் சொன்னேன். சாகணும்னு எப்ப சொன்னேன்?"

அவள் கோட்டுக்குள் கையை விட்டாள். பாம்பின் தலையைத் தேடி விரலால் தடவினாள்.

"வாயை மூடியிருக்கு," என்றாள்.

"இப்பத்தான். அரை மணி நேரமா அந்தச் சத்தமும் இல்ல."

"இப்படிக் குடு."

"வேணாம், இரு. இப்பத்தான் சூடு புடிச்சிருக்கு. எடுத்தா மறுபடி குளிரும்."

நூர்ஸாத் அவனை மேலும் கீழும் பார்த்தாள். குளிரில் அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

"என் கோட்டுத் தையலைப் பிரிச்சிட்டியே, எருமை," என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே தன் சால்வையை அவிழ்த்து அவன் கழுத்தோடு சேர்த்துச் சுற்றினாள்.