எட்டாம் வகுப்பு மாமனார்

வருகைப் பதிவேட்டைத் திறந்து "மலைச்சாமி" என்று அழகுபாண்டி வாசித்ததுதான் தாமதம், வகுப்பு மூச்சை அடக்கிக்கொண்டது. "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டிய பையன் மெதுவாக எழுந்தான். வேட்டி கட்டியிருந்தால் மடித்துக் கட்டியிருப்பான். கால்சட்டையாக இருந்ததால் இடுப்பில் கைவைத்துக்கொண்டான்.

"என்ன மாப்ள, மாமனாரப் பேரச் சொல்லியா கூப்புடுவீங்க?"

பையனுக்கு வயது பதின்மூன்று. மீசை வருவதற்கான அறிகுறி கிடையாது. ஆனால் அவன் சொன்னதில் பிழையும் கிடையாது. அழகுபாண்டியின் மனைவி பாண்டீஸ்வரி பிறந்த ஊர் இது. அவளுடைய தாத்தாவுக்குக் கடைசித் தம்பி காளை. அந்தக் காளைக்குக் காலம் போன காலத்தில் பிறந்தவன் மலைச்சாமி. அப்படிப் பார்த்தால் பாண்டீஸ்வரிக்குச் சித்தப்பா, அழகுபாண்டிக்கு மாமனார். எட்டாம் வகுப்பு, முதல் பெஞ்சு மாமனார்.

மத்தியானம் மாமியார் முத்துத்தாய் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது செய்தி அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. "எங் கொழுந்தனப் பேரச் சொல்லிப்புட்டீங்களாமே" என்று சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். கோபமாக அல்ல, மருமகனுக்கு இந்த வயதிலும் விவரம் பற்றவில்லையே என்ற கவலையாக.

மறுநாளிலிருந்து அவர் பெயர்களை விட்டுவிட்டு எண்களைக் கூப்பிட்டார். எண்களுக்கு முறை கிடையாது.

அழகுபாண்டிக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடத்துக்கு மேல் பழங்காநத்தத்தில் ஒரு மோட்டார் பம்பு கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றவர். முதலாளி நோயில் படுத்ததும் அவர் மகன் கடையை மூடிவிட்டுச் செல்போன் உறை விற்கப் போனான். உறை விற்க அழகுபாண்டி தேவைப்படவில்லை. வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் "உங்க அனுபவத்துக்கு இங்க எடம் பத்தாது சார்" என்றார்கள். வயதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்பதையே அப்போதுதான் கற்றுக்கொண்டார்.

பெட்டிக்கடியில் கிடந்த இயற்பியல் பட்டத்தைத் தூசி தட்டியவள் பாண்டீஸ்வரி. "பி.எட். முடிங்க. வாத்தியாருக்கு நரைச்ச தலை அழகுதான்" என்றாள். கல்லூரியில் சேரப் போன முதல் நாள் வாட்ச்மேன் அவரை நிறுத்தி, "பேரண்ட்ஸ் அந்தப் பக்கம் உக்காரணும்ணே" என்றார். அழகுபாண்டி போய் உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் தான் யாருக்கும் பெற்றோராக அங்கே வரவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

எப்படியோ இரண்டாம் வருடத்தின் கடைசிக்கு வந்துவிட்டார். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில், "ஜூன்ல சர்டிபிகேட்டோட வாங்க, அறிவியல் எடம் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார்கள். பாண்டீஸ்வரி அதை வேலை கிடைத்துவிட்டது என்றே தெருவில் சொல்லி வைத்திருந்தாள். இனி மிச்சம் இருந்தது கற்பித்தல் பயிற்சியும், அதன் முடிவில் வெளித்தேர்வாளர்கள் முன்னால் எடுத்துக்காட்ட வேண்டிய ஒரு பாடமும்.

பயிற்சிக்கு எந்தப் பள்ளி வேண்டும் என்று கல்லூரியில் கேட்டபோது மற்றவர்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியைக் கேட்டார்கள். அழகுபாண்டி, செக்கானூரணிக்கு மேற்கே இருந்த மாமியார் ஊர்ப் பள்ளியைக் கேட்டு வாங்கினார். ஊர் மருமகன் என்றால் பிள்ளைகள் மரியாதையாக இருக்கும் என்பது அவர் கணக்கு. மருமகனுக்கு அந்த ஊரில் மரியாதை உண்டுதான். ஆனால் அந்த மரியாதையில் கேலி பேசுவதும் அடக்கம்.

"மச்சான், இந்தச் சட்டையப் போடாதீங்க, கண்ணு கூசிக் கரும்பலகையே தெரியல" என்பாள் பவதாரிணி. பாண்டீஸ்வரிக்குத் தங்கச்சி முறை. கொழுந்தியா கேலி செய்தால் மச்சான் சிரிக்க வேண்டும். கோபித்துக்கொண்டால் அவர்தான் விவரம் கெட்டவர். பின் பெஞ்சில் பாதிப் பேர் "மாமா, மாமா" என்று கையைத் தூக்குவார்கள். அவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். தவறான பதிலானாலும் பாசத்தோடு வரும்.

தலைமையாசிரியை சுந்தரவல்லி மதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். செவ்வாய்க்கிழமை அழகுபாண்டியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சார், வியாழக்கிழமை தேர்வாளருங்க வர்றாங்க. வகுப்பறைக் கட்டுப்பாடுன்னு தனியா மார்க் இருக்கு. அவங்க முன்னாடி ஒரு பிள்ள உங்கள மச்சான்னு கூப்பிட்டாப் போச்சு."

"பச்சப் பிள்ளைங்க மேடம், பழக்கம்."

"உங்களுக்குப் பழக்கம். வர்றவங்க வேற ஜில்லாக்காரங்க. எனக்கும்தான் சொந்தக்காரங்க ஊரெல்லாம் இருக்காங்க. அதுக்காக அவங்கள வகுப்புல உக்கார வச்சா பாடம் எடுக்கறேன்?"

நியாயம்தான். அன்று கடைசி வகுப்பில் அழகுபாண்டி பிள்ளைகளிடம் பேசினார். அதற்கென்று ஒரு வாக்கியத்தை மனதுக்குள் செதுக்கி வைத்திருந்தார். இனி வருகிற வாத்தியார் வாழ்க்கையில் பல தடவை சொல்லலாம் என்ற அளவுக்கு அந்த வாக்கியம் அவருக்குப் பிடித்திருந்தது.

"வியாழக்கிழமை ஒரு நாளைக்கு நான் உங்களுக்கு மாப்ளயும் இல்ல, மச்சானும் இல்ல, மாமாவும் இல்ல. யாரும் இல்ல. சார், அம்புட்டுத்தான். சொந்தத்த எல்லாம் வாசல்ல செருப்போட கழட்டி விட்டுட்டு உள்ள வரணும். சரியா?"

பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தார். புரிந்துகொண்டுதான் இருந்தார்கள்.

புதன்கிழமை அவருக்கு அந்த வகுப்பு கிடையாது. மத்தியானம் முத்துத்தாய் சோற்றைப் போட்டுவிட்டு, மோர்ச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அத்த?"

"சொந்தத்தச் செருப்போட சேத்துச் சொன்னீங்களாம்ல."

அழகுபாண்டி பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டார். "அத்த, அது சும்மா ஒரு பேச்சுக்கு... பரீட்சைக்காக..."

"பேச்சுக்குத்தான் மாப்ள அம்புட்டும். கொழுந்தனோட அப்பா, சின்ன மாமா காதுல நேத்தே விழுந்துருச்சு. பிள்ளைகளோட உறவ அத்துச் சொல்லிட்டாரு மருமகன், இனி நம்ம பிள்ளைக அவரோட பேசக் கூடாதுன்னு நாலு வீட்டுலயும் சொல்லிவிட்டுட்டாரு."

அந்த ஊரில் உறவை அறுத்துக்கொண்டால் அதற்கு ஒரு முறை உண்டு. சண்டை போட மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். பேச மாட்டார்கள். எதிரில் வந்தால் வழி விடுவார்கள், வாய் திறக்க மாட்டார்கள். அறுத்துச் சொன்னவரே நாலு பேருக்கு முன்னால் வந்து, தப்பு என்று சொல்லும்வரை அப்படித்தான்.

அழகுபாண்டி பாதிச் சோற்றில் எழுந்து காளை வீட்டுக்கு நடந்தார். பூட்டிக் கிடந்தது. கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, வேறு யாரிடமோ சொல்வதுபோல் ஆட்டைப் பார்த்துக்கொண்டு. சாயங்காலம் காளையின் செல்போனுக்கு அடித்தார். அந்தப் போன் பெரும்பாலும் மலைச்சாமியிடம்தான் இருக்கும். இரண்டு தடவை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை மாமனார் துண்டித்தார்.

"சின்னப் பிள்ளைக, ஒரு ராத்திரியில மறந்துருவாங்க" என்று பாண்டீஸ்வரியிடம் சொன்னார்.

"எங்க ஊருப் பிள்ளைகளப் பத்தி எங்கிட்டயேவா" என்றாள் அவள். அவள் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை வெளித்தேர்வாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கண்ணாடி போட்ட பெரியவர். மற்றவர் பேனா மூடியைக் கடிக்கும் பழக்கமுள்ள அம்மா. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வகுப்பு எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்றது. ஒரே குரலில். அழகுபாண்டி அந்த வகுப்பில் அப்படி ஒரு ஒற்றுமையை அதுவரை கேட்டதில்லை.

பாடம் அழுத்தம். இரண்டு பைகளைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றுக்கு அகலமான வார், ஒன்றுக்கு மெல்லிய கயிறு. இரண்டிலும் ஒரே எடை.

"இதுல எதத் தூக்குனா தோள் அதிகமா வலிக்கும்?"

மின்விசிறி சுற்றியது.

"எண் ஏழு?"

ஏழாம் எண் பவதாரிணி. எழுந்து நின்றாள். கூரையைப் பார்த்தாள். முந்தாநாள்வரை அவர் வாயைத் திறப்பதற்குள் பதில் சொன்னவள்.

"எண் பன்னெண்டு? பதினஞ்சு?"

கூப்பிடக் கூப்பிட எழுந்து நின்றார்கள். யாரும் உட்காரவுமில்லை, பேசவுமில்லை. கேள்வி கேட்கக் கேட்க வகுப்பு உயர்ந்துகொண்டே போனது. அழகுபாண்டி தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, "நல்லது" என்று தன்னையே பாராட்டிக்கொண்டார். கரும்பலகைப் பக்கம் திரும்பி, தேவைக்கு மேல் பெரிதாகப் படம் வரைந்தார். முதுகுக்குப் பின்னால் அந்த அம்மா பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

கண்ணாடிக்காரர் பொறுக்க முடியாமல் எழுந்தார். "தம்பி, நீ சொல்லு" என்று முதல் பெஞ்சைக் காட்டினார். "சார் நடத்தினது புரியலையா?"

மலைச்சாமி எழுந்தான். "புரிஞ்சது சார். கயிறுதான் வலிக்கும். பரப்பு கம்மி, அழுத்தம் கூட."

"அருமை. அத ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"அவரோட நாங்க பேசக் கூடாது."

"ஏன்?"

"எங்களுக்கு அவரு யாரும் இல்லன்னுட்டாரு சார்." அவன் குரல் அதற்குமேல் தாங்கவில்லை. "கோயில் கொடைக்கு எங்க வீட்டுக்கு வந்தப்ப நாந்தான் அவருக்கு வண்டி தொடச்சுக் குடுத்தேன். மாப்ள மாப்ளன்னு... செருப்போட கழட்டிப் போடச் சொன்னாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். இடுப்பில் கைவைத்து நிற்கிற மாமனாரைத்தான் அழகுபாண்டிக்குத் தெரியும். இது பதின்மூன்று வயதுப் பிள்ளை, அழுகிறது.

கடைசி பெஞ்சில் பேனா காத்திருந்தது. இப்போது ஒன்றும் பேசாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் கட்டுப்பாட்டுக்காவது மார்க் விழும். இவ்வளவு அமைதியான வகுப்பை அவர்கள் எங்கே பார்த்திருப்பார்கள்? திரும்பவேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். கால் திரும்பவில்லை. சுண்ணக்கட்டி பிடித்த கை தானாகவே இன்னொரு கையோடு சேர்ந்தது.

"தப்புதான் மாமா. சபையிலயே சொல்றேன். தெரியாமச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க."

அணை உடைந்தது.

"மச்சான், மெல்லிசுக் கயிறுதான் வலிக்கும்!"

"மாமா, ஆணி ஏன் கூரா இருக்குன்னு நான் சொல்றேன் மாமா!"

"ஒட்டகத்துக்குப் பாதம் அகலமா இருக்கறது அதுக்குத்தான மச்சான்? மச்சான், இங்க பாருங்க!"

பெஞ்சு மேல் ஏறி நின்று கையைத் தூக்கினார்கள். மலைச்சாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஏய், மாப்ளயப் பேச விடுங்கடா" என்று அதட்டினான். அழகுபாண்டி தன் வாழ்நாளில் எடுத்த நல்ல வகுப்பு அதுதான். மணி அடிக்கும்வரை எடுத்தார். இடையில் எப்போது தேர்வாளர்கள் எழுந்து போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அழகுபாண்டி தலைமையாசிரியை அறைக்கு வெளியே சுவரோரம் நின்றார். உள்ளே சுந்தரவல்லியின் குரல் ஏறியும் இறங்கியும் கேட்டது. வெளியே வந்தபோது சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எம்புட்டோ சொல்லிப் பாத்தேன் சார். அவங்களுக்கு உறவு முறையெல்லாம் விளக்கி, தாள்ல படம்கூடப் போட்டுக் காட்டினேன். 'பதிமூணு வயசுப் பையன மாமான்னு கையெடுத்துக் கும்பிட்டாரு, அத எந்தப் பத்தியில எழுதறது'ன்னு கேக்கறாங்க."

"அப்ப?"

"பாடம் நல்லாப் பண்ணீங்களாம். கட்டுப்பாடு போதாதாம். இந்த வருசம் தேர்ச்சி இல்ல. அடுத்த வருசம் திரும்பவும் பயிற்சி."

ஜூன் மாதம் அவர் முன்னாலேயே ஒரு பஸ் மாதிரி நிற்காமல் போனது. கை காட்டக்கூடத் தோன்றவில்லை. அந்தத் தனியார் பள்ளி ஒரு வருடம் காத்திருக்குமா என்று சுந்தரவல்லியிடம் கேட்க நினைத்து, பதில் தெரிந்த கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

கேட்டுக்கு வந்தபோது காளை நின்றிருந்தார். மாட்டுத்தாவணியிலிருந்து வந்த சட்டையை இன்னும் மாற்றவில்லை. முகமெல்லாம் பல்.

"மாப்ள! வெளியூரு ஆபீசருங்க முன்னாடி, சபையில, எம் மகன்ட்ட மன்னிப்புக் கேட்டீங்களாம்ல! யாருக்கு வரும் இந்த மனசு? வாங்க, வாங்க. கோழி அடிச்சாச்சு. பாண்டீஸ்வரியயும் பஸ் ஏறச் சொல்லிட்டேன்."

"இல்ல தாத்தா, எனக்கு ஒரு..."

"அதெல்லாம் பேசக் கூடாது. அறுந்த சொந்தம் ஒட்டியிருக்கு, வெறும் வயித்தோடயா போவீங்க?"

போனார். வேறு எங்கே போவது? காளை வீட்டுக் கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தார்கள். நேற்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கரண்டி வைத்தார்கள். முத்துத்தாய் கோழிக்கால் இரண்டையும் மருமகன் இலையிலேயே போட்டாள். வாசலில் பாண்டீஸ்வரி செருப்பைக் கழற்றிக்கொண்டே, சொந்தக்காரப் பெண்களிடம் ஜூன் மாதத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தச் சிரிப்பு முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தார். அது முடியாமல் இருந்தால் தேவலை என்றும் நினைத்தார்.

பக்கத்து இலையில், பெரியவர்கள் வரிசையில், மாமனார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். குழம்பைப் பிசைந்துகொண்டே மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காதபடி மலைச்சாமி குனிந்தான்.

"மாப்ள, பாஸ்தான?"

அழகுபாண்டி சோற்றைப் பார்த்தார். சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"சாப்பிடுங்க மாமா" என்றார். "ஆறிரும்."