தறி நிற்கிற நேரம்

கைருன்னிஸாவின் தொண்டை அடைத்து இன்றோடு இருபத்தாறு நாள். எண்ணிக்கொண்டிருந்தது அவள் மட்டும்தான். வீட்டில் மற்றவர்களுக்கு அது தடிமன், மாசிப் பனி, நூல் தூசு. அவளுக்கு அது மௌத்து, சாவு.

காரணமில்லாமல் இல்லை. அவளுடைய சின்னம்மா, பாத்தும்மா சாச்சிக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் குரல் கம்மியது, பிறகு சோறு இறங்கவில்லை. சூறாவளி அடித்த வருஷம், ஊரே கூரை தேடி அலைந்த நேரத்தில், சாச்சி பாயில் கிடந்து தண்ணீர் கேட்கக்கூடச் சத்தம் வராமல் கையால் காட்டிக் காட்டியே போய்ச் சேர்ந்தாள். சாச்சி புகையிலை போடாத நாளில்லை, தான் வெற்றிலைகூடத் தொடாதவள் என்பதெல்லாம் கைருன்னிஸாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பயம் அதையெல்லாம் விசாரித்துக்கொண்டா வருகிறது? வந்து குந்திக்கொண்டால் குந்திக்கொண்டதுதான்.

அவளைப் பெற்ற உம்மா, சபியா, தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்துவிட்டார். கற்கண்டும் மிளகும், வேர்க்கொம்புச் சுக்குக் கசாயம், தேனில் குழைத்த மஞ்சள். "சத்தம் போட்டுக் கதைக்காத புள்ள, குசுகுசுத்துக் கதை. தொண்ட ஆறட்டும்" என்று சொல்லி வைத்திருந்தார். கைருன்னிஸாவும் மூன்று கிழமையாக, இருபத்தொரு நாளாக, களவெடுக்கப் போகிறவள் மாதிரிக் குசுகுசுத்துக்கொண்டு திரிந்தாள். நிமிஷத்துக்கு ஒரு தரம் தொண்டையைச் செருமினாள். இன்னொன்றும் செய்தாள், அது உம்மாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாள் காலையிலும் தறிச் சத்தம் தொடங்கியதும், குரல் வந்துவிட்டதா என்று பார்க்க, தனக்கு எட்டுகிற ஆக உயரமான சுருதிக்கு ஒரு தரம் ஏறிப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அது பாதி வழியில் கிழிந்து காற்றாகப் போனது.

ஏனென்றால் கைருன்னிஸா பாடுகிறவள்.

இது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மருதமுனையில் விடிந்தால் தறிச் சத்தம். அவர்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டிலில் அவளுடைய தறி ஒன்று. கிடுகு வேலிக்கு அங்கால பக்கத்து வீட்டு மீராசாஹிபுவின் கொட்டிலில் நாலு. ஐந்தும் சேர்ந்து அடிக்கத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அந்தச் சத்தத்துக்கு உள்ளே இருந்துகொண்டுதான் அவள் பாடினாள். வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியில் கேட்டுப் பாடமாக்கிய நபி புகழ்ப் பாட்டுகளை, அதுவும் கட்டைக் குரலில் இல்லை, பாடகருடைய அதே உச்சத்தில், கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள். கால் மிதியை மிதிக்க, கை ஊடு நூல் நாடாவை இடமும் வலமும் ஓட்ட, மூச்சு இவை இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் புகுந்து புகுந்து வந்தது. மீராசாஹிபுவின் ஆட்கள் தேத்தண்ணிக்குத் தறியை நிறுத்தினால் அவளும் அந்த நிமிஷமே வாயை மூடிவிடுவாள். பதினொரு வருஷமாக ஒரு தரமும் பிசகியதில்லை. கெட்டிக்காரிதான். ஆனால் அந்தக் கெட்டித்தனத்தால், தன் பாடுகிற குரல் எப்படியிருக்கும் என்று அவளே ஒருநாளும் கேட்டதில்லை.

இருபத்தேழாம் நாள் அவள் புருஷன் சீனிமுகம்மது சைக்கிளை வீட்டிலேயே விட்டான். நெய்த சாரன் கைலிகளையும் சேலைகளையும் அதில் கட்டிக்கொண்டு சம்மாந்துறை, நிந்தவூர் என்று வீடு வீடாக விற்கப் போகிற மனிதன், மழை வெள்ளத்துக்குக்கூட நிற்காதவன். அவன் அன்றைக்கு நின்றதைக் கண்டாள் கைருன்னிஸா. அவனும் பயந்துவிட்டான் என்பது விளங்கியது.

"வெளிக்கிடு புள்ள. மட்டக்களப்புக்குப் போவம். தொண்டைக்கெண்டு ஒரு டொக்டர் வாறாராம்."

பஸ்ஸில் மட்டக்களப்புக்கு முன்னால் வருகிற கல்லடிப் பாலம் வரைக்கும் அவள் ஓதிக்கொண்டே போனாள். ஓதலும் குசுகுசுப்பாகத்தான் வந்தது.

டொக்டர் குணம் வயதில் இளையவர். நெற்றியில் ஒரு வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றை விளக்கில் சூடுகாட்டிக்கொண்டு, துணியால் அவளுடைய நாக்கைப் பிடித்து வெளியே இழுத்தார். அந்நிய ஆண் ஒருவர் நாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற வெட்கத்தை உணரக்கூட அவளுக்கு நேரமிருக்கவில்லை. அவ்வளவு பயம்.

"ஈ எண்டு சொல்லுங்க தங்கச்சி."

அவள் சொன்னாள். ஓட்டைச் சைக்கிள் டியூப் மாதிரி ஒரு சத்தம் வந்தது. டொக்டர் குனிந்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.  டொக்டர்மார் இப்படிச் சும்மா இருக்கிற நேரத்தில் நோயாளியின் உயிர் எத்தனை தரம் போய் வருகிறது என்று அவர்களுக்கு யாராவது படிப்பித்தால் நல்லது.

"ரெண்டு பக்கமும் சின்னத் தடிப்பு இருக்கு" என்றார் கடைசியில். "ஒண்டு கொஞ்சம் பெரிசு. தொண்டையைப் பிழையாப் பாவிச்சா இப்படி வாறதுதான். ரீச்சரா நீங்க, படிப்பிக்கிறீங்களா?"

"இல்ல, தறி நெய்யிறா" என்றான் சீனிமுகம்மது.

"சத்தம் போட்டுக் கதைக்கிற பழக்கமா?"

"இவவா? இவ வாய் திறக்கிறதே அருமை டொக்டர்."

"பாடுவீங்களா?"

 சீனிமுகம்மது பக்கத்துக் கதிரையில் இருந்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷம். பெண்ணின் குரல் வாசல் தாண்டக்கூடாது என்று உம்மா சொல்லும்போதெல்லாம் தலையாட்டுகிற மனிதன். அவள் தலையை அசைத்தாள். இல்லை.

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "அப்ப எனக்கு விளங்கல்ல. காரணமில்லாம இது வந்திருக்கெண்டா சும்மா விட ஏலாது. கொழும்புக்கு எழுதித் தாறன். மயக்கி, ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்க்கட்டும்."

துண்டு வெட்டி. சாச்சிக்கும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். சீனிமுகம்மதுவின் முகம் வெளிறிப்போனதைக் கண்டாள். ஒரு பக்கம் கத்தி, மறு பக்கம் இந்த மனிதனின் முகம். எதற்கு அதிகம் பயம் என்று அந்த நிமிஷத்தில் அவளால் சொல்லியிருக்க முடியாது. டொக்டர் எழுதத் தொடங்கிவிட்டார். பேனை ஓடுகிற சத்தம்தான் அவளைத் தள்ளியது.

"பாடுவன்" என்றாள்.

பேனை நின்றது.

"தறி அடிக்கக்குள்ள. சத்தத்துக்கு மேலால. ஒவ்வொரு நாளும்."  சீனிமுகம்மது இருந்த பக்கம் அவள் திரும்பவேயில்லை.

டொக்டர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. கைக் காய்ப்புத் தெரியும்தானே? அதுமாதிரித்தான் இதுவும். தறிச் சத்தத்துக்குள்ள உங்கட குரல் உங்கட காதுக்கு எட்டாது. எட்டாததால இன்னும் அமுக்குவீங்க. அமுக்க அமுக்கத் தொண்ட அடிபடும். பத்து நாளைக்கு ஒரு சொல்லும் கதைக்கப்படா. குசுகுசுக்கவும் படா, அது கதைக்கிறதவிட மோசம். செருமவும் படா, தண்ணியக் குடிங்க. பிறகு மெல்லக் கதைக்கலாம். ஆறு கிழமையால வாங்க. குறையாட்டித்தான் கொழும்பு."

குறையாட்டித்தான். அந்தச் சொல் பஸ்ஸில் அவள் கூடவே வந்தது.

சீனிமுகம்மது வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அவள் கதைக்கக்கூடாது, அவன் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மகளின் சிலேட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"எத்தின வருஷமா?"

'கலியாணத்துக்கு முந்தி' என்று எழுதினாள்.

அவன் அதை வாசித்தான். பிறகு தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். உம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பிறகு யாருக்குப் பயந்து துடைத்தான்? கோபமா, வெட்கமா, ஒன்றும் பிடிபடவில்லை. கோபமென்றால் இரண்டு வார்த்தை ஏசியிருக்கலாம், அவளுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்து நாள் ஊமைத்தனம் முடிந்து "உம்மா" என்று முதல் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். சொல் வந்தது. கரகரத்துத்தான், ஆனாலும் வந்தது. ஆறாம் கிழமை டொக்டர் மறுபடியும் நாக்கைப் பிடித்து இழுத்தார். பெரிய தடிப்பு பாதியாகிவிட்டது, சின்னது போய்விட்டது. கொழும்பு தேவையில்லை. கைருன்னிஸா அழுதுவிட்டாள்.

அழுது முடிந்ததும் கேட்கக்கூடாததைக் கேட்டாள். "மறுகா பாட ஏலுமா?"

"பாடாம விட்டா ஒரு வில்லங்கமும் இல்ல" என்றார் டொக்டர். "பாடத்தான் வேணுமெண்டா, தறி நிக்கிற நேரத்தில பாடுங்க. கதைக்கிற சத்தத்தில, தாழ்த்தி. உங்கட குரல் உங்களுக்குக் கேக்கணும். பழையபடி பாடினீங்களோ, இதவிடப் பெரிசா வரும். பிறகு கத்திதான்."

பாடாமல் விட்டுவிடுவது நல்ல புத்தி. அந்தப் புத்தியோடு அவள் நாலு நாள் இருந்தாள். நெய்கிறபோது உதட்டைக் கடித்துக்கொண்டு நெய்தாள். சேலை ஒன்று முடிந்தது, அதை அவளுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு ஊரில் ஒரு தறியும் ஓடாது. ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பாடும் முடிந்து உம்மா சாய்ந்துவிட்டார். கைருன்னிஸா கொட்டிலுக்குள் போய் நின்றாள். அவ்வளவு அமைதியை அவள் அங்கே அறிந்ததில்லை. வேலிக்கு அங்கால மீராசாஹிபு யாரோடோ கதைப்பது சொல் சொல்லாகக் கேட்டது. அப்படியென்றால் இங்கிருந்தும் அங்கே கேட்கும். வாயைத் திறந்தாள், மூடினாள்.

சீனிமுகம்மது வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தானென்று தெரியாது. உள்ளே வந்து, தறியில் ஏறிக் குந்தி, மிதியை மிதித்து நாடாவை ஓட்டத் தொடங்கினான். வெள்ளிக்கிழமையில், ஜும்ஆ தொழுத நாளில்.

"இப்பப் பாடு" என்றான் தலையைத் தூக்காமல். "வெளியில கேக்காது."

  இந்த மனிதன் அவளுக்குத் துணைக்கு வந்திருக்கிறான். தனக்குத் தெரிந்த ஒரே வழியில் வந்திருக்கிறான். அவள் பாடத் தொடங்கினாள். முதல் வரி முடியுமுன்பே கழுத்து நரம்பு புடைத்தது, குரல் தறிக்கு மேலே ஏறப் பார்த்தது, பழைய பிடி தொண்டையை வந்து இறுக்கியது. சாச்சியின் கை கண்ணுக்குள் வந்தது.

எட்டி, ஆடிக்கொண்டிருந்த தறிப் பலகையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம் மச்சான், நிப்பாட்டுங்க. எனக்குக் கேக்கணும்."

"அங்கால ஆக்கள் இரிக்காங்க புள்ள." அவன் வேலியைக் காட்டினான்.

"தெரியும்."

அவள் மூச்சை வயிறு நிறைய இழுத்தாள். இழுத்ததை மெதுவாக விட்டுக்கொண்டு, கதைக்கிற சத்தத்திலேயே பாடினாள். அவள் நினைத்திருந்த குரல் இல்லை இது. தாழ்ந்தது, கொஞ்சம் தடித்தது, நூல் முடிச்சுப்போல் ஓரிடத்தில் தட்டியது. முப்பது வயதில் முதல் தரம் அதைக் கேட்கிறாள். 

வேலிக்கு அங்கால பேச்சு நின்றது.

சீனிமுகம்மது வேலியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவனுடைய கால் இன்னும் மிதியிலேயே இருந்தது. ஒரு மிதி மிதித்தால் போதும், எல்லாம் மூடுண்டுவிடும். அவன் காலை எடுத்துத் தரையில் வைத்தான்.

அவள் பயந்தபடியே அடுத்த வரியைப் பாடினாள்.