தோற்றுப்போன எட்டு

செய்த தப்புக்கு மார்க் போடுகிற பாடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? இருக்கிறது. வரைகலையும் பொருள் வடிவமைப்பும் என்று அதற்கு வாய் வலிக்கிற பெயர். பிள்ளைகளுக்கு வெறும் டிசைன். செய்து முடித்த பொருளுக்கு நூற்றுக்கு இருபதுதான். முதலில் என்ன செய்தாய், அது ஏன் உருப்படவில்லை, பிறகு எதை மாற்றினாய் என்பதற்கு அறுபது. மீதி எழுத்துப் பரீட்சைக்கு. உடைந்த மாதிரி, கோணல் கோடு, 'இது வேலைக்காகவில்லை' என்ற குறிப்பு, அத்தனையும் தேதியோடு கோப்பில் இருக்க வேண்டும். டிசைன் மிஸ் இதைத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருந்தார்.

அந்த வகுப்பில் ஒருத்தியை எல்லோரும் ரப்பர் என்று கூப்பிடுவார்கள். வரைவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் வந்த பெயர். மற்ற பாடங்களில் தட்டுத்தடுமாறிப் பாஸ். டிசைனில் மட்டும் அவள் கை பேசும். இதில் முதல் தர மார்க் வந்தால் வடிவமைப்புப் பட்டயப் படிப்பில் இடம் உண்டு. வராவிட்டால் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் போர்வை மடிக்கிற மேசை. அங்கே வேலை பார்க்கிற அம்மா ஏற்கெனவே மேற்பார்வையாளர் காதில் போட்டுவைத்துவிட்டாள். அம்மாவைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அப்பா பஸ் ஓட்டிய வரைக்கும் வீடும் ஓடியது. பக்கவாதத்தில் அவர் வலது கை மடங்கிப்போன பிறகு அம்மா ஒருத்திதான் இழுக்கிறாள்.

ரப்பர் எடுத்துக்கொண்ட பொருளும் அப்பாவுக்காகத்தான். அவருடைய மாத்திரை டப்பாவுக்கு அழுத்தித் திருகுகிற மூடி. குழந்தைகள் திறந்துவிடக் கூடாதென்று எவனோ செய்தது, அப்பாவையும் திறக்கவிடவில்லை. பகலில் வீட்டில் வேறு ஆளில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட அவருக்கு மானம் இடம் கொடுக்காது. மாத்திரையையே விட்டுவிடுவார். டப்பாவை அசையாமல் கவ்விக்கொண்டு, மூடியை ஒரே உள்ளங்கையால் அழுத்தித் திருப்புகிற மாதிரி அகலமான பிடி ஒன்று வேண்டும்.

முதல் மாதிரியை அட்டையில் செய்தாள். அப்பா இடது கையால் அழுத்தினார், திருகினார், மூடி அசையவில்லை. அதை மேசையில் போட்டுவிட்டு அவள் பள்ளிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அம்மா அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னாள்: "பகல் முழுக்க அதையே வச்சு முறுக்கிட்டு இருந்திருக்காரு. மணிக்கட்டு வீங்கிப்போச்சு. கேட்டா, 'பாப்பா ஒழுங்காத்தான் செஞ்சிருக்கா, என் கைதான் தண்டம்'ங்கறாரு."

அதற்கப்புறம் எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? தோற்ற ஒவ்வொன்றையும் அவர் கண்ணெதிரிலேயே, "என் அளவு தப்புப்பா, உங்க கையில ஒண்ணுமில்ல" என்று நொறுக்கிக் குப்பையில் போட்டாள். கோப்பை அவர் தினமும் புரட்டிப் பார்ப்பார். ஆகவே 'அழுத்தப் பலம் போதவில்லை' என்ற குறிப்புகளையும் அழித்தாள். இப்படி எட்டு போய், ஒன்பதாவதாகச் செய்த மரப்பிடி திறந்தது. அன்றைக்கு அப்பா அந்த மூடியைத் திறந்து திறந்து மூடினார். அம்மாவே போய்ப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது.

கோப்பைக் கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் ரப்பர் அதை முழுசாகப் புரட்டிப் பார்த்தாள். உள்ளே வெற்றி மட்டும் பளபளவென்று இருக்கிறது, அறுபது மார்க்குக்கு ஒரு துரும்பும் இல்லை. மிஸ்ஸிடம் போய் உள்ளதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை, மக்கு. எட்டுத் தோல்வியையும் ஞாபகத்திலிருந்து மறுபடி செய்தாள். அன்றைக்குக் கிழிந்த இடத்திலேயே கிழித்தாள். ஐந்து மாதத்துத் தேதிகளையும் போட்டாள்.

வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் குரல் உயர்த்தாத மனிதர். எட்டையும் கவிழ்த்து வரிசையாக வைத்தார். இரண்டை இடம் மாற்றினார். பின்பக்கத்தில் ஒரு மின்விசிறியின் படம் துண்டு சேர்ந்து வந்து நின்றது. அத்தனையும் ஒரே விசிறிப் பெட்டியின் அட்டை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

"இதெல்லாம் ஒரே நேரத்துல வெட்டினதும்மா. அஞ்சு மாசம்னு தேதி போட்டிருக்கியே?"

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ் அவள் பக்கம் பேசினார். மதிப்பீட்டாளர் யோசித்தார்.

"பொய்த் தேதின்னா இந்தப் பாடமே ரத்து. ஆனா எட்டும் நிஜமாவே தோத்துச்சுன்னு பாத்தவங்க யாராவது சொன்னா, திரும்பச் செஞ்சதுன்னு குறிச்சு மார்க் போடலாம். யாரு பாத்தாங்க?"

"எங்கப்பா."

"அவர் வந்து சொல்லட்டும். நீ குறுக்க பேசக் கூடாது, சரியா?"

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஒரு பொத்தான் மாறியிருந்தது. மேசையில் கிடந்த கிழிந்த அட்டைகளைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"உங்க பொண்ணு முதல்ல செஞ்சதெல்லாம் எப்படி சார் இருந்துச்சு? ஏதாவது வேலை செய்யாம போச்சா?" என்று கேட்டார் மதிப்பீட்டாளர்.

அப்பா மகளைப் பார்த்தார். சொல்லுங்கப்பா என்று அவள் கண் கெஞ்சியது. தோல்விக்கு மார்க் உண்டென்று அவரிடம் யார் சொன்னது? காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்றுதான் அவருக்குப் பட்டது.

"இல்லங்க. என் பொண்ணு கையில தப்பே வராது. முதல் தடவையே திறந்துச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்," என்றார் மிஸ் பதறிப்போய். "தோத்திருந்தா ஒண்ணும் தப்பில்ல."

அங்கேதான் எல்லாம் கெட்டது. டிப்போவில் அப்பா பார்க்காத விசாரணையா? 'ஒத்துக்கப்பா, ஒண்ணும் ஆகாது' என்று இனிக்க இனிக்கப் பேசித்தான் அங்கே ஆளைச் சஸ்பெண்டு செய்வார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணுகூடத் தோக்கலைங்க. சத்தியமா."

மதிப்பீட்டாளர் 'ரத்து' என்று எழுதிக் கோப்பை மூடினார். மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் அப்பாவுக்கு வாய் ஓயவில்லை. "எப்படி மடக்கி மடக்கிக் கேட்டாங்க, பாத்தியா? விட்டுக்கொடுத்துருவேனா உன்ன?"

"நல்லா சொன்னீங்கப்பா," என்றாள். வேறு என்ன சொல்ல? உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் அதோடு முடிந்தார்.

பட்டயப் படிப்புக்குச் சேர வேண்டிய நாள் வந்தபோது, "எனக்குப் படிக்கப் பிடிக்கலப்பா, நான் அம்மாவோட வேலைக்குப் போறேன்" என்றாள்.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்காக அத்தன பேர் முன்னாடி பொய்ச் சத்தியம் பண்ணிட்டு வந்தேனே பாப்பா. அதையாவது நினைச்சுப் பாத்தியா?"

அன்றோடு அவர் அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். காலையில் அவள் சலவைக் கூடத்துக்குக் கிளம்பும்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.