கறுப்புக் கோட்டில் ஒரு முடி

கோட்டு மாஸ்டருக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, தைக்கும்போது யாராவது பேசுவது. இன்னொன்று, தைத்து முடித்த கறுப்புக் கோட்டில் தூசு தும்பு ஒட்டுவது. ஊரிலுள்ள வக்கீல்களில் பாதிப் பேர் அவர் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டுதான் பொய் சொல்கிறார்கள். பொய்யில் ஓட்டை இருக்கலாம், கோட்டில் குறை கண்டவர் கிடையாது. இப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய் அவர் மனைவி பூனை கேட்டாள்.

"தைக்கிற வீட்ல பூனையா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"நான் ரிட்டயராகி ஆறு மாசமாச்சு. இந்த வீட்ல மெஷின் சத்தத்தத் தவிர வேற சத்தமே இல்ல. ஒண்ணு பூனை வரணும், இல்லன்னா நீங்க வாயத் தொறந்து பேசணும். எது வசதின்னு பாத்துக்குங்க."

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். பூனையே தேவலை என்று பட்டது.

"சரி. ஆனா கோட்டுல ஒரே ஒரு முடி கண்ணுல பட்டாலும், அன்னிக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டுருவேன். சொன்னா சொன்னதுதான்."

பூனைக் காப்பகத்துக்குக் கிளம்பும்போது கோட்டுத் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அங்கே ஒவ்வொரு பூனையின் முதுகிலும் அந்தத் துணியால் இரண்டு தேய். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்வை. மனைவி ஆசையாகத் தூக்கிக் கொஞ்சியது நீளமுடிப் பாரசீகப் பூனை ஒன்றை. அதைத் தேய்த்ததும் கறுப்புத் துணி கம்பளியாகிவிட்டது.

"இத வச்சு ஸ்வெட்டர் பின்னலாம். கீழ விடு."

மூலைக் கூண்டில் ஒரு குட்டைமுடிப் பூனை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. கறுப்பு, பழுப்பு, சாம்பல், துருப்பிடித்த ஆரஞ்சு என்று தையல்கடைத் தரையில் கிடக்கும் வெட்டுத் துண்டுகளைக் கூட்டியள்ளி ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. வெள்ளை மட்டும் கைவசம் இல்லை போலிருக்கிறது.

"இது என்ன ரகம்?"

"கலப்பு சார்," என்றாள் காப்பகக்காரி. "அம்மா யாருன்னே சந்தேகம். அப்பாவப் பத்திக் கேக்கவே கேக்காதீங்க."

தேய்த்துப் பார்த்தார். இரண்டே முடி. இன்னொரு தடவை தேய்த்தார். ஒன்றுமில்லை. துண்டுத் துணி தேர்ந்தெடுத்த பூனைக்குத் துண்டு என்றே பெயர் வைத்தாயிற்று.

மனைவிக்காக வந்த பூனை மாஸ்டரின் காலடியில், மெஷினுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அது பேசாததால் மாஸ்டர் பேச ஆரம்பித்தார். "காலர் எப்படி உக்காந்திருக்கு பாரு... அந்த குண்டு வக்கீலுக்கு மறுபடியும் வயிறு பெருத்திருக்கு, கேட்டியா?" சமையலறையிலிருந்து மனைவி இதையெல்லாம் கேட்டுப் பாத்திரத்தை டமாலென்று வைப்பாள். ஒரு மாதத்தில் மாஸ்டர் அந்தப் பூனை மேல் உயிரையே வைத்துவிட்டார்.

அப்போதுதான் அவர் தைத்த கோட்டோடு ஒரு வக்கீலம்மா வந்து நின்றாள். விரல் நுனியில் ஒரு முடி.

"மாஸ்டர், இன்னிக்கு ஜட்ஜ் என் வாதத்தக் கேக்கல. என் தோளையே பாத்துட்டிருந்தாரு. நீங்க பூனை வளக்கறீங்களாமே?"

முடியை அவர் கையில் வைத்துவிட்டு அவள் போனதும் மாஸ்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சொன்ன தேதிக்குக் கோட்டைக் கொடுக்க மாட்டார் என்றுதான் ஊர் சொல்லுமே தவிர, மற்றபடி சொன்ன சொல் தவறியவர் என்று யாரும் சொன்னதில்லை. கூடையை எடுத்து வைத்தார். துண்டு விளையாட்டு என்று நினைத்துத் தானாகவே உள்ளே போய் உட்கார்ந்தது. இந்த வயதில் ஒரு பூனைக்காக அழுகை வருகிறதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?" மனைவி வாசலை மறித்தாள்.

முடியை நீட்டினார். "சொன்னா சொன்னதுதான்."

அவள் அந்தக் கறுப்புத் துண்டுத் துணியை எடுத்து, முடியை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். பளிச்சென்ற வெள்ளை.

"துண்டுகிட்ட வெள்ளை எங்க இருக்கு? காட்டுங்க."

மாஸ்டர் பூனையைப் புரட்டினார். வயிறு, வால் நுனி, விரலிடுக்கு. எங்கும் இல்லை.

மனைவி அந்தத் துணியால் அவர் தலையில் இரண்டு தேய் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். துணி முழுக்க வெள்ளை முடி. அந்தப் பாரசீகப் பூனைகூட இவ்வளவு கொட்டியதில்லை.

"காப்பகத்து நம்பர் எங்கிட்டதான் இருக்கு," என்றாள். "ரகம் தெரியாது, வயசு ஜாஸ்தி, முடி கொட்டும், முப்பது வருஷமா வாயத் தொறக்காது. எடுத்துப்பாங்களான்னு கேட்டுப் பாக்கட்டுமா?"

மாஸ்டர் கூடையை மெல்லக் கீழே வைத்தார்.

"வேணாம்," என்றார். "இனிமே உங்கிட்டயும் பேசறேன்."