கீழே ஒரு பார்சல் ஆபீஸ்

கடைத் திறப்பு விழாவில் வாசலில் நின்று ஆடுகிற கரடியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. தோலுக்குள்ளே ஒரு ஆள் வெந்துகொண்டிருப்பான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தோலைத் தைப்பது யார் என்று மட்டும் ஒருத்தர் கேட்டதில்லை. தைப்பவள் கரடியக்கா. தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. தொழிலை வைத்து வந்த பேர் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள், ஆளை வைத்து வந்ததா என்று கேட்டுப் பார்க்கவில்லை.

அவளுடைய தொழிற்சாலை சாப்பாட்டு மேஜைதான். தட்டு வந்தால் கரடி எழுந்து போக வேண்டும், தட்டு போனால் கரடி திரும்பி வரலாம். காதைப் பொருத்துகிற நேரம் பார்த்து யாராவது, "டீ இல்லையா?" என்பார்கள். ஊசியைக் குத்திவிட்டு எழுந்து போய் வருவதற்குள் எந்தக் காது இடம், எந்தக் காது வலம் என்பது மறந்து போகும். ஒருநாள் மாமனார் கண்ணாடி போடாமல் வந்து உட்கார்ந்து, எதிரே இருந்த கரடித் தலையிடம், "நீங்க சாப்பிட்டாச்சா?" என்று மரியாதையாக விசாரித்தார்.

இப்போது வந்த ஆர்டர் பெரிது. புதிதாகத் திறக்கிற பொம்மைக் கடைக்கு இரண்டு கரடி, ஒரு ஒட்டகச்சிவிங்கி. வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டால் அந்தக் கடையின் எல்லாக் கிளைகளுக்கும் இனி அவள்தான். பிந்தினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை மேஜைமேல் கிடத்திப் பார்த்தாள். தலை பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் போய் விழுந்தது.

"எனக்குன்னு ஒரு இடம் வேணுங்க. கீழே இருக்கறதைக் காலி பண்ணிக் குடுங்க" என்றாள் கணவரிடம்.

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். யார் எது சொன்னாலும் அவருடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை ஒரு மிதி மிதிக்கும். மிதித்தார். "பண்ணலாம். ஆனா ஒரு பைசா செலவு கூடாது" என்றார்.

கீழே என்றால் வீட்டுக்கு அடியில் இருந்த அறை. ஒரு குண்டு பல்பு, ஈரம் பூத்த சுவர், தெருவில் போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரிகிற மாதிரி உயரத்தில் ஒரு ஜன்னல். அந்தக் குடும்பத்தில் எதையும் தூக்கிப் போடுகிற வழக்கம் கிடையாது. உடைந்ததா, கீழே வை. பிடிக்கவில்லையா, கீழே வை. நாத்தனார் இளைப்பதற்காக வாங்கி இளைக்காமல் விட்ட ஓடுகிற மிஷின், கொழுந்தன் இசைக்குழு நடத்திய காலத்து டிரம், யார் வீட்டுக் கதவோ நாலைந்து, எல்லாம் கீழே இருந்தன. படியில் இறங்கினால் மூன்றாவது படியிலேயே ஏதாவது ஒன்று நெற்றியில் இடிக்கும்.

செலவில்லாத ஆள் வீட்டிலேயே இருந்தார். மாமனார் ரயில்வே பார்சல் ஆபீஸில் காலமெல்லாம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் போய், "கொஞ்சம் ஒழுங்குபடுத்திக் குடுங்கப்பா" என்று கேட்டார்களே, புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மனுஷர் வேலையில் புலி, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கதவுகளைப் படுக்கப் போட்டு அலமாரி செய்தார். பழைய கட்டில் கால்கள் தூண்கள் ஆயின. பழைய காலண்டரைக் கிழித்துச் சீட்டு ஒட்டினார். கரடியக்கா தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஆசையாக இறங்கினாள். படி முடிகிற இடத்தில் இஸ்திரி மேஜை குறுக்கே கிடந்தது. அதற்குப் பின்னால் மாமனார், தலையில் பழைய தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"போடவா, எடுக்கவா?" என்றார்.

"மாமா, நான்தான்."

"நீதான்னு எனக்குத் தெரியுது. கவுன்டருக்குத் தெரியணும்ல?"

சரக்கு போட்டால் டோக்கன் தருவார். டோக்கனைக் காட்டினால் எடுக்கலாம். டோக்கன் இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். டோக்கனுக்குச் செலவு செய்யக்கூடாதே என்று, அவளுடைய டப்பாவில் இருந்த கண்ணாடிக் கண்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ மாமா, அது கரடிக்குக் கண்ணு!"

"கண்ணா இருந்துது. இப்ப டோக்கன். சரக்கு போட்டாத்தான் குடுக்க முடியும்."

நாத்தனார் வந்தாள், தன் பெட்டி வேண்டுமென்று. "உள்ள என்ன?" என்றார் மாமனார். "துணிதான்ப்பா" என்றாள். பிரித்தால் பாதி மின்விசிறி. "துணி இல்ல. அடுத்த ஆள் வாங்க" என்றார், பெற்ற மகள் என்றும் பார்க்காமல். அவள் கத்தித் தீர்த்துவிட்டு, கடைசியில் கையில் இருந்த குடையையும் போட்டுவிட்டு ஒரு கண்ணோடு போனாள். இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாரே என்று தெருவும் வர ஆரம்பித்தது. முனையில் இருந்த முடிவெட்டுகிறவர் தன் சுழல் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். இரண்டே நாளில் முன்பு இருந்ததைவிடச் சாமான் அதிகமாகிவிட்டது. தூசி மட்டும் ஒரு பொட்டு இல்லை.

"அப்பா சந்தோஷமா இருக்காரு, விடேன்" என்றார் வீட்டுக்காரர், பிரேக்கை மிதித்துக்கொண்டு.

இந்த வீட்டில் உடைந்த மின்விசிறிக்கு இடம் இருக்கிறது, தெருமுனை நாற்காலிக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை என்று கரடியக்கா நினைத்தாள். அழவும் இடமில்லாத ஆத்திரத்தோடு மிஷினைத் தூக்கிக்கொண்டு மறுபடி இறங்கி வரிசையில் நின்றாள்.

"போடணும்" என்றாள்.

"என்ன சரக்கு?"

"நான்."

மாமனார் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உயிருள்ள சரக்கு. ஆடு வந்திருக்கு, நாய் வந்திருக்கு. மருமக வந்ததில்ல. ஆனா விதி ஒண்ணுதான். காத்து வரணும், வெளிச்சம் வரணும், பக்கத்துல தண்ணி இருக்கணும், மேல எதையும் அடுக்கக் கூடாது. கால் நீட்ட இடம் விடணும்."

விதி என்றால் விதிதான். ஜன்னலடியில் இருந்த சுழல் நாற்காலி நகர்ந்தது, ஓடுகிற மிஷின் நகர்ந்தது, டிரம் அலமாரிமேல் ஏறியது. ஒட்டகச்சிவிங்கி கழுத்து நீட்டிப் படுக்கிற அளவுக்கு வெளிச்சமான இடம் ஒன்று பிறந்தது. அவள் தன்னைப் போட்டாள், மிஷினைப் போட்டாள், கத்தரிக்கோல், நூல் டப்பா, துணி மூட்டை என்று ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கண் வாங்கினாள். மூன்று மிருகத்துக்கும் கண் தேறிவிட்டது. உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். "எங்கப்பா அவ? டீ கூட இல்ல."

"டோக்கன்?"

"ஏதுப்பா டோக்கன்? என் பொண்டாட்டி."

"அது மேல ஒட்டியிருக்கற சீட்டு. உள்ள என்ன இருக்குன்னு சொல்லு, குடுக்கறேன்."

அவள் மிஷினை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டாள்.

"உள்ளேன்னா..." அவர் பிரேக்கை மிதித்தார். "கொஞ்சம் கோபம் இருக்கும்."

"அது வெளியே கசியறது. அதை யார் வேணாலும் சொல்லலாம். உள்ள?"

படியேறிப் போகிற சத்தம்தான் கேட்டது. அவளுக்கு மனசு நொந்தது. ஒரு வார்த்தை, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வேகத்தில் கழுத்துத் தையலைக் கோணலாக ஓட்டிவிட்டு, பிரித்து மறுபடி தைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் படியில் மறுபடி காலடி கேட்டது. பாதியில் நின்றது. அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வெளிச்சமும், அதன் கீழே குனிந்த அவள் முதுகும், தரையில் நீண்டு கிடக்கிற கழுத்தும் தெரியும். அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு கவுன்டருக்கு வந்தார்.

"உள்ள ஒரு வேலை இருக்குப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியணும். நடுவுல யாராவது கூப்பிட்டா கெட்டுப் போயிடும்."

"கெட்டுப் போற சரக்குன்னு முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று மாமனார் எரிந்து விழுந்தார். "சரியாச் சொல்லிட்ட. எடுத்துட்டுப் போ."

"வேண்டாம்ப்பா. இங்கேயே இருக்கட்டும்." வீட்டுக்காரர் ஒரு தட்டை இஸ்திரி மேஜைமேல் வைத்தார். "நான்தான் பண்ணேன். உப்பு எப்படின்னு தெரியல. உள்ள குடுத்துடுங்க."

மாமனார் தட்டை எடுத்துப் போய் அவள் பக்கத்தில் வைத்தார். ஒட்டகச்சிவிங்கியின் ஒரு கண் பாதி தைத்தபடி அவள் கையில் இருந்தது.

"அப்புறம் சாப்பிடறேன்" என்றாள்.

ஆறிப்போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை.