லிஃப்டில் மாட்டிய மரபுத்தொடர்கள்

செவ்வாய்

மாலை ஆங்கில வகுப்பில் இன்றும் மரபுத்தொடர்கள்தான். இவை இல்லாமல் ஆங்கிலக்காரன் வாயே திறக்க மாட்டான் என்றார் டீச்சர். நான் ஓர் ஆங்கிலக்காரனையும் நேரில் பார்த்ததில்லை. டீச்சராவது பார்த்திருக்கிறாரா என்று கேட்கத் தைரியமில்லை.

பலகையில் இருப்பதை வாய்ப்பாடு மாதிரி வரிசை மாறாமல் ஒப்பிக்க வேண்டும். நடுவிலிருந்து ஒன்றை உருவச் சொன்னால் எங்களில் யாருக்கும் வராது. முதலிலிருந்து ஆரம்பித்துத்தான் அங்கே போய்ச் சேர முடியும். இது படிப்பா, பஸ் பயணமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனால் என் சந்தேகங்களை நானே நம்புவதில்லை.

நான் லிஃப்ட் கம்பெனியில் உதிரிபாக அறையில் வேலை பார்க்கிறேன். அது தரைத்தளத்துக்கும் கீழே இருக்கிறது. மூன்றாம் மாடியில் போன் மேசை வேலை காலியாகியிருக்கிறது. எங்கள் லிஃப்ட் ஏதாவது நடுவில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டியவர் பொத்தானை அழுத்துவார், அந்த மேசையில் மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஆங்கிலம் கட்டாயம். மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் உண்டு. எனக்கு அந்த வேலை வேண்டும். இவ்வளவு பச்சையாக எழுதியது சரியா என்று தெரியவில்லை. நாளைக்கு அடித்துவிடலாம்.

கணக்குப் பிரிவு அக்காவும், கிரீஸ் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக்கும் அதே வேலைக்கு மனு போட்டிருக்கிறார்கள். மூவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

வியாழன்

இன்று தேர்வு. எங்கள் கட்டடத்து லிஃப்டில் மேனேஜர் ஏறிக்கொண்டார். தலைமை மெக்கானிக் அதை மாடிகளுக்கு நடுவே நிறுத்தினார். மேனேஜர் மாட்டிக்கொண்ட வாடிக்கையாளராக நடிப்பார், நாங்கள் போனில் சமாளிக்க வேண்டும். அவர் என்ன செய்தாலும் ஆங்கிலத்தை விட்டு இறங்கக் கூடாது, இறங்கினால் மார்க் போகும்.

முதலில் அக்கா. போன் அறைக் கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது. பீஸ் ஆஃப் கேக்கில் ஆரம்பித்து மொத்தப் பலகையையும் ஒப்பித்தார். அடுத்து கிரீஸ். அதே வரிசை. டீச்சர் மூச்சு வாங்கும் இடத்தில் அவனும் மூச்சு வாங்கினான். என் மூலதனம் முழுக்கக் கண்ணெதிரே காலியானது.

"எல்லாத்தையும் இறக்கியாச்சு தம்பி," என்றார் அக்கா. "உனக்கு ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாரு."

மிச்சம் எதுவுமில்லை. நானும் பீஸ் ஆஃப் கேக் என்றேன், அதாவது அல்வா சாப்பிடுகிற மாதிரி சுலபம் என்று. மறுமுனையில் மேனேஜர் பெருமூச்சு விட்டார். அடுத்தது ஹேங் இன் தேர், கொஞ்சம் தாக்குப்பிடியுங்கள். அப்போது போனில் தடால் என்று ஒரு சத்தம். மின்விசிறியின் இரைச்சல் நின்றது. லைட்டைப் போடச் சொல்லித் தமிழில் கத்தினார்.

மூன்றாவது ஆள் என்பதால் எனக்கு மட்டும் தனியாகக் கஷ்டமான கேள்வி என்று நினைத்தேன். கீப் யுவர் சின் அப் என்று தைரியம் சொன்னேன்.

"டேய், நிஜமாவே நின்னுடுச்சுடா."

என்ன செய்தாலும் இறங்கக் கூடாது என்பதுதானே விதி? வி ஆர் இன் த சேம் போட், சார் என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே கதிதான் என்று அர்த்தம்.

"நீ எந்த போட்ல இருக்க? நாற்காலியில உக்காந்துக்கிட்டுப் பேசற."

அக்கா வாசலில் நின்று, பிரமாதமாக நடிக்கிறார், நீ விடாதே என்று சைகை காட்டினார். ஆனால் மேனேஜர் மூச்சு வாங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு சின்னக் குரலில், "கதவு தொறக்கும்ல?" என்று கேட்டார்.

நான் ஆங்கிலத்தை விட்டு இறங்கினேன். கதவுச் சக்கரம் போன மாதம் நானே எடுத்துக் கொடுத்தது, புத்தம் புதுசு, நிச்சயம் திறக்கும் என்றேன். கிரீஸைத் தலைமை மெக்கானிக்கிடம் விரட்டிவிட்டுப் பேச்சை வளர்த்தேன். மூடிய அறை என்றாலே மேனேஜருக்குப் பயமாம். குளிக்கும்போதுகூடத் தாழ்ப்பாள் போட மாட்டாராம். அதனால் வீட்டில் எல்லோரும் இருமிக்கொண்டேதான் அந்தப் பக்கம் நடப்பார்களாம். லிஃப்ட் கம்பெனிக்கு மேனேஜர்! நான் சிரிக்கவில்லை. சிரித்தேன், ஆனால் போனைப் பொத்திக்கொண்டு.

மோட்டார் ஓடியது. மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் அறைக்குப் போனார்.

வெள்ளி

முடிவு வந்துவிட்டது. வேலை அக்காவுக்கு. எனக்குக் கடைசி இடம். காரணம்: ஆங்கிலத்தைக் கைவிட்டது.

"அவரே தமிழ்ல கத்திட்டு உனக்கு முட்டை போட்டுட்டாரா?" என்றான் கிரீஸ்.

ஜன்னலைத் திறந்தே வைக்கிறேன், கீழேயிருந்து பார்த்துக்கொள் என்று அக்கா ஆறுதல் சொன்னார். அது ஆறுதல்தானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

திங்கள்

காலையில் என் போன் அடித்தது. மேனேஜர். "லிஃப்ட்ல இருக்கேன். சும்மா ஏதாவது பேசு."

மேசைக்கு அடிக்கலாமே என்றேன், பணிவாகத்தான்.

"அங்க அடிச்சா அந்தம்மா பீஸ் ஆஃப் கேக்ல இருந்து ஆரம்பிக்கும்யா."

மூன்றாம் மாடி வரை போல்ட் விலையைப் பற்றிப் பேசினேன்.

புதன்

நேற்றும் அடித்தார். இன்றும் அடித்தார். இன்று நான் எடுத்த எடுப்பில் ஆங்கிலம், முதலிலிருந்து, வரிசை மாறாமல்.

"தமிழ்ல பேசுடா."

"மார்க் போயிடும், சார்."

காலையில் அக்கா, மத்தியானத்துக்கு மேல் நான் என்று மேசையைப் பிரித்துத் தருவதாகச் சொன்னார். இது மேனேஜர் பேச்சா, பயத்தின் பேச்சா? லிஃப்டை விட்டு இறங்கியதும் மனிதர்கள் மாறிவிடுகிறார்கள், வியாழனன்றே பார்த்தேன். போனைக் காதில் வைத்துத் தமிழில் பேசியபடியே படிக்கட்டில் ஓடினேன். மூன்றாம் மாடியில் நான் வந்து நிற்கவும் லிஃப்ட் கதவு திறந்தது.

அவர் கை டைக்குப் போனது. மூச்சு வாங்க, "இப்பவும் அதையேதான் சொல்றீங்களா, சார்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். திரும்பி, பின்னால் மூடிக்கொண்டிருந்த கதவைப் பார்த்தார்.

"இறங்கும்போதும் போன் எடுப்பியா?"

"எடுப்பேன், சார்."

"அப்ப மத்தியானம் வந்து உக்காரு."